ஸ்டெல்லாவின் கேமரா

காரைக்குடிப் பழம்பொருள் கடையில் அந்தச் சின்னப் பிலிம் கேமராவைப் பார்த்ததும் என் வயிறு பழையபடி எரிந்தது. மூடியைத் தள்ளினேன், தூங்கி எழுந்த கண்போல லென்ஸ் திறந்தது.

மாதா கோயிலுக்குப் பின்னால், இன்று கல்யாண மண்டபம் நிற்கும் இடத்தில்தான் எங்கள் வாத்தியார் லைன் வீடுகள் இருந்தன. ஞாயிறு பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, சிங்கப்பூர் மாமா கொடுத்த இதே மாதிரிக் கேமராவின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்கு வருவாள். பிளாஷ் கொசுபோல ரீங்கரித்துச் சிவப்புப் பொட்டு எரியும்வரை லைனே மூச்சடக்கி நிற்கும்.

"அத்தை, இங்குட்டுப் பாருங்க. சிரிக்கவே மாட்டேங்கிறீக" என்பாள். என்னிடம் சிரிக்காத அம்மா, அவளுக்குப் பல் தெரியச் சிரிப்பாள். பிலிம் தீர்ந்து, கேமரா தானே அதைச் சுற்றிக்கொள்ளும் சத்தம் சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்குள் கேட்கும். தொட்டுப் பார்க்க நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாளோ என்று பயம்.

கேமராவை வாங்கி, போனில் படமெடுத்து, துபாயிலிருக்கும் ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன்.

"அழகா இருக்குடி. நம்ம லைன்ல யாருகிட்டயோ இப்படி ஒண்ணு இருந்துச்சுல்ல, யாருடி அது?" என்று பதில் வந்தது.

மறந்தே போயிருக்கிறாள். அதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.