கண்ணாடியக்கா வண்டி கொதித்த கதை

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. அதனால் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. ஐம்பதை எட்டிப் பார்க்கும் அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் பாறை ஏறுகிறாள் என்று கடைக்கு வருபவர்களிடம் சொன்னால், புதுக் கண்ணாடியில் ஏதோ கோளாறு என்பதுபோல அவளை இன்னொரு முறை பார்ப்பார்கள்.

அது ரேஸ் இல்லை. ரேஸ் என்று யாராவது சொன்னால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். டிரையல்ஸ் என்று பெயர். வேகமாகப் போகிறவனுக்கு அங்கே மரியாதையே கிடையாது. சீட்டே இல்லாத ஒல்லி வண்டியில் நின்றுகொண்டே பாறை, மரக்கட்டை, ஓடை எல்லாவற்றையும் ஆமை மாதிரி கடக்க வேண்டும். காலைத் தரையில் ஊன்றினால் ஒரு புள்ளி போச்சு. வண்டி நின்றுவிட்டால் ஐந்து புள்ளி போச்சு. துணைக்கு ஒருவர் பக்கத்திலேயே நடந்து வரலாம். விழுந்தால் தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான். இந்த ஆமை வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்று வராது. அதற்காகவே அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபேன் வைத்திருப்பார்கள். அது ஓடவில்லை என்றால் தண்ணீர் கொதித்து வெளியே வந்துவிடும், கொஞ்சம் அசந்தால் என்ஜினும் போய்விடும்.

அக்காவுக்குத் துணையாக நடந்தவர் அவள் கணவர். ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்த்தவர். நல்ல மனிதர், வாயாடி, தங்கமான கை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் வாழ்நாளில் எதையும் சரிசெய்ததே இல்லை. எல்லாவற்றையும் ஒப்பேற்றினார். சமையலறைக் குழாயைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருகினால்தான் மூடும். பின்கதவை முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். துணி துவைக்கிற மெஷினின் மூடிமேல் பழைய இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அக்கா கடையில் மயிரிழை பிசகாமல் லென்ஸ் தேய்ப்பவள். வீட்டுக்கு வந்தால் இந்தக் கூத்து. ஆள் வரச்சொல்லி மாற்றலாம் என்பாள். அதான் ஓடுதே, அப்புறம் பாத்துக்கலாம் என்பார் அவர். அந்த அப்புறம் கடைசிவரை வரவேயில்லை.

போன மழைக்கு முன்னால் ஒரு பகல் வேளையில், ஐஸ் கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடைக்கு ஃபோன் வந்தபோது அக்கா ஒரு ஃபிரேமின் கால் திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டாள், சரி என்றாள், ஃபோனை வைத்தாள். திருகை முழுதாக முடுக்கி, லென்ஸைத் துடைத்து, உறையில் போட்டு, வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அழவில்லை. அன்றைக்கு அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. அதிர்ச்சி, தானாக வரும், விடுங்கள் என்றார்கள். வரவில்லை. உள்ளே எங்கோ ஒரு இடம் மரத்துப்போய்விட்டது என்று அவளுக்கே தெரிந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தன்னுடையதாகவே இல்லை.

அவர் போன பிறகு வீடு ஒவ்வொன்றாக வேலைநிறுத்தம் செய்ய ஆரம்பித்தது. குழாய் ஒழுகியது. பின்கதவு ஒரே பிடியாக நின்றது. மெஷின் அசையவில்லை. அவர் கைக்கு மட்டும் கட்டுப்பட்டவை எல்லாம் முறைத்துக்கொண்டன. அக்கா ஆளைக் கூப்பிட்டாள், மாற்றினாள், அடுத்ததைப் பார்த்தாள். புதுக் குழாய் ஒரு விரலால் மூடியது. அதில் அவளுக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

கொழுந்தன் அடிக்கடி வந்து பார்த்துக்கொண்டான். வேன் ஓட்டுபவன், அண்ணனைப் போலவே பெரிய குரல், அண்ணன் போனதிலிருந்து அந்தக் குரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுபவன். அவன்தான் ஒருநாள் அவளை வற்புறுத்தி, அவள் வழக்கமாகப் பாறை ஏறும் கல்குவாரிக்கு அழைத்துப் போனான். வண்டியை எடுத்தால் மனசு கொஞ்சம் இளகும் என்று அவன் கணக்கு. அக்கா போனாள், ஹெல்மெட்டைப் போட்டாள், ஏறினாள். இரண்டாவது பாறையிலேயே வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டு, ரேடியேட்டரின் பச்சை நிறத் தண்ணீரைக் கக்கி நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டதோ என்று விலகி ஓடினார்கள். அவள் மட்டும் அதன் மேலேயே நின்றுகொண்டு, ஆவி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதில் கொழுந்தன் பயந்துவிட்டான். வண்டி கொதித்ததைவிட அவள் இறங்காமல் நின்றதுதான் அவனை உலுக்கியது. திரும்பி வரும் வழியில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டான். "அண்ணி, கோச்சுக்காதீங்க. அண்ணனும் இல்ல, பக்கத்துல நிக்க ஆளும் இல்ல. அந்த வண்டிய எங்கிட்ட குடுத்துடுங்களேன்."

ஆசைப்பட்டுக் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் கொஞ்சம் யோசித்தாள். வேண்டும் என்று தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. அதுதான் அவளை உள்ளூர உறுத்தியது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவள் ஆசை ஆசையாகச் செய்த ஒரே காரியம் அது. அதைக் கொடு என்கிறான், கை கால் பதறவில்லையே. கடைசியில், வருகிற ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குள் ஃபேனைச் சரிபண்ணிப் பார்க்கிறேன், ஆகவில்லை என்றால் அங்கேயே சாவியை வாங்கிக்கொள் என்றாள். வார்த்தை வார்த்தைதான். அவனும் தலையாட்டினான்.

டிரையல்ஸ் கிளப்பில் வண்டி பார்க்கிறவரைக் குண்டூசி என்பார்கள், உடம்பு அப்படி. அவர் ஃபோனில் கதை கேட்டுவிட்டு, ஃபேன் மோட்டார் போயிருக்கும், புதுசு மாத்திடுங்க என்று கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு சொன்னார். அக்காவும் பழையதைச் சோதித்துப் பார்க்காமல் புதுசை வரவழைத்தாள். வேறு யாராவது இப்படிச் செய்தால் கண்ணாடியக்கா சும்மா விடமாட்டாள். அப்போது அவளுக்கு எதையும் கேள்வி கேட்கத் தெம்பில்லை. கடை விட்டு வந்து, வண்டியைக் கூடத்துக்குள் ஏற்றி, பழைய பெட்ஷீட்டின் மேல் நிறுத்தி, ரேடியேட்டரின் போல்ட்டுகளைக் கழற்றி முன்பக்கம் சாய்த்தாள். ஃபேனைப் பிடித்திருந்தவை மூன்று சின்னத் திருகுகள். மூக்குக்கண்ணாடித் திருகோடு பழகிய கைக்கு அவை பூசணிக்காய். பழையதைக் கழற்றினாள். சேறு காய்ந்த இதழ்களை விரலால் தள்ளியபோது வழுக்கிக்கொண்டு சுற்றியது. அதையும் அவள் கவனிக்கவில்லை. புதுசை மாட்டி, வயரைச் சொருகி, வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காத்திருந்தாள். ரேடியேட்டர் கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்தது. ஃபேன் அப்படியே இருந்தது.

அவசரமாக அணைத்துவிட்டு, இரண்டு ஃபேனையும் கொழுந்தன் விட்டுப்போயிருந்த பழைய வேன் பாட்டரியில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். இரண்டும் சுற்றின. பழையது இன்னும் கொஞ்சம் நன்றாகவே சுற்றியது. குண்டூசிக்கு மறுபடி ஃபோன் போட்டாள். அவர் அசடு வழிந்துகொண்டே, அப்படியென்றால் ரேடியேட்டரில் திருகியிருக்கும் தெர்மோ ஸ்விட்ச்தான், தண்ணீர் சூடானால் அதுதான் ஃபேனை ஓட விடும், அதில் வருகிற இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள் என்றார். அக்கா டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"இதுல வயரே இல்லையே."

"வயர் இல்லாம இத்தனை நாளு எப்படிக்கா ஓடுச்சு?"

அவள் ஃபோனை வைத்துவிட்டு, ஃபேனிலிருந்து கிளம்பிய வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். தெர்மோ ஸ்விட்சுக்குப் போக வேண்டிய அது பாதியில் திரும்பி, சட்டத்தின் அடியில் நுழைந்து, சைக்கிள் டியூப் துண்டு சுற்றிய ஒரு முடிச்சில் போய் நின்றது. டியூபைப் பிரித்தாள். உள்ளே படுக்கை விளக்கின் ஸ்விட்ச். அவர்கள் வீட்டுப் படுக்கை விளக்குடையதுதான். அது எங்கே போனது என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்து, விளக்கை நேராகச் சுவர் பிளக்கில் பிடுங்கிச் சொருகப் பழகியிருந்தாள்.

கூடத்துத் தரையில் அவள் உட்கார்ந்துவிட்டாள். போட்டியில் பாறை, ஓடை என்று ஒவ்வொரு கட்டம் ஆரம்பிக்கும்போதும் அவள் கணவர் குனிந்து வண்டியின் விலாவில் ஒரு தட்டுத் தட்டுவார். முடிந்து வெளியே வந்ததும் இன்னொரு தட்டு. போ ராஜாத்தி என்று வேறு சொல்வார். அது தனக்கா வண்டிக்கா என்று அவள் கேலி பண்ணியிருக்கிறாள். கிளப்பில் எல்லோரும் அதை அவர் ஆசீர்வாதம் என்றார்கள், அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். அந்த மனிதர் ஒரு தட்டில் ஃபேனைப் போட்டு, இன்னொரு தட்டில் ஃபேனை அணைத்திருக்கிறார். தெர்மோ ஸ்விட்ச் எப்போதோ செத்துவிட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, வெயிலிலும் சேற்றிலும், முழங்கால் வலியோடு, கட்டத்துக்குக் கட்டம் கூடவே நடந்து, கையாலேயே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை வந்தாலும் யாரும் தப்பு சொல்ல முடியாது. இரண்டுக்கும் இடம் விட்டுச் சற்று நேரம் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. எழுந்துபோய் வயரை வெட்டி, அந்த ஸ்விட்சைக் குப்பைக்கூடையில் போட்டாள். குழாயையும் கதவையும் மாற்றினது மாதிரி இதையும் மாற்றிவிட வேண்டியதுதான்.

குண்டூசி செய்த தப்புக்குப் பரிகாரமாகப் புது தெர்மோ ஸ்விட்சை அவரே கொண்டுவந்து கொடுத்தார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டு மாட்ட அக்கா தயாராக இல்லை. அடுப்பில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஸ்விட்சின் முனையை அதில் முக்கி, பாட்டரியையும் ஃபேனையும் அதோடு இணைத்து, பக்கத்தில் நின்றாள். தண்ணீர் சலசலக்க ஆரம்பித்ததும் மேடைமேல் இருந்த ஃபேன் விருட்டென்று சுற்றியது. அவள் முகத்தில் காற்று அடித்தது. சரி என்று சொல்லி அடுப்பை அணைத்தாள். பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டினாள். வயர் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போக வேண்டுமோ அங்கே போனது. பச்சை நிறத் தண்ணீரை ஊற்றி, குமிழி அடங்கும்வரை ரேடியேட்டரின் ரப்பர் குழாயைப் பிசைந்துவிட்டு மூடியைத் திருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வேனில் வண்டியை ஏற்றிக் குவாரிக்குக் கொண்டுவந்தான். சாவியைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. முதல் கட்டம் ஈரப்பாறை. ஏறி, மேலே திரும்பி, பள்ளத்தில் இறங்க வேண்டும். எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில் புள்ளி போடுகிறவர் அட்டையோடு நின்றார். துணைக்கு வரட்டுமா என்று கொழுந்தன் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். புள்ளி போடுகிறவர் கையசைத்த பிறகும் அவள் கிளம்பாமல் நின்றாள். எதற்கு நிற்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. அக்கா போகலாம் என்று அவர் இன்னொரு முறை சொன்ன பிறகுதான் கிளட்சை விட்டாள்.

உடம்புக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. முன்சக்கரம் பாறை விளிம்பைத் தொட்டது, பின்சக்கரம் பிடித்தது, ஏறிவிட்டாள். கால் ஊன்றவில்லை. மேலே சின்ன சமதளத்தில் திரும்புவதற்காக வண்டியை அப்படியே நிறுத்தினாற்போல் பிடித்திருந்தபோது, முழங்காலுக்கு முன்னால் கிர்ரென்று சத்தம் கேட்டது. ஃபேன் ஓடியது. தானாக ஓடியது. யாரும் பக்கத்தில் இல்லை, யாரும் குனியவில்லை, யாரும் தொடவில்லை. சூடானது, ஓடுகிறது, அவ்வளவுதான். அவர் இல்லாமல் நின்றுபோன கடைசிச் சாமானும் இப்போது அவர் இல்லாமல் நன்றாக ஓடுகிறது. அவர் வந்து தட்டிக் கொடுக்க வேண்டிய எதுவும் இனி எங்கேயும் இல்லை. எல்லாவற்றையும் அவளே மாற்றி முடித்துவிட்டாள்.

அவள் காலை ஊன்றினாள். இன்னொரு காலையும் ஊன்றினாள். வண்டி நின்றது. புள்ளி போடுகிறவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவேயில்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. முதலில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை.

கொழுந்தன் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தான். அப்படி உள்ளே வரக்கூடாது என்று யாரோ கத்தினார்கள். அவன் முதலில் பார்த்தது ரேடியேட்டரை. ஆவி இல்லை, ஒழுகல் இல்லை.

"அண்ணி, வண்டி நல்லாத்தானே ஓடுது? என்ன ஆச்சு?"

"உங்க அண்ணன் செத்துட்டாருப்பா," என்றாள்.

புதுச் செய்தி சொல்கிற மாதிரியே சொன்னாள். அவன் கையை நீட்டி என்ஜினை அணைத்தான், ஃபேனும் நின்றது. ஹெல்மெட்டின் வாரை அவனே அவிழ்த்துவிட்டான். அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. மூச்சு வாங்கி வாங்கி, இடையில் ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது.

"வண்டிய நான் தரமாட்டேன்."

"சரி அண்ணி," என்றான்.

அடுத்து ஏற வேண்டியவர்கள் கீழே காத்திருந்தார்கள். அவன் முன்னால் பிடித்துக்கொள்ள, அவள் பின்னால் தள்ள, இரண்டு பேருமாக வண்டியைப் பாறையிலிருந்து மெதுவாக இறக்கினார்கள்.