மூன்று மொழியிலும் நின்ற பேச்சு

அந்த மெஷினில் பேனாக்கள் வரிசையாக இருக்கும். மூளையின் மின்னோட்டத்தைத் தாளில் கோடுகோடாக எழுதிக்கொண்டே போகும். திருப்பதி ஆஸ்பத்திரியில் அதை ஓட்டுவதுதான் என் வேலை. இன்று எல்லாம் கம்ப்யூட்டர் திரை. எனக்கென்னவோ பேனா ஓடும் சத்தம் இல்லாமல் எதையும் நம்ப மனம் வருவதில்லை.

தமிழ்நாட்டு எல்லையோர விஜயபுரம் பக்கத்திலிருந்து ஒரு தாய், ஏழு வயது மகளோடு வந்தார். கணவர் குவைத்தில். ஊருக்கு ஊர் இங்கிலீஷ் கான்வென்ட் முளைத்த காலம். இவளும் வேனில் போய்வந்தாள். சில மாதங்களாகப் பேச்சு குழறியது, வாயோரம் எச்சில் வழிந்தது, வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. வீட்டில் தமிழ் பேசுவதால் தெலுங்கும் இங்கிலீஷும் வரவில்லை என்றது பள்ளி. "மூணு பாஷைய திணிச்சி, என் புள்ள தமிழையே மறந்துட்டா" என்றார் தாய். நானும் எல்லையூர்க்காரன்தானே, இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினேன்.

டாக்டரம்மா ஆட்டவில்லை. பிள்ளையின் தலையில் ஒயர்களை ஒட்டியதும், இரண்டு கையையும் நீட்டி வைத்துக்கொண்டு எண்ணச் சொன்னார். முதலில் தெலுங்கில்: ஒகட்டி, ரெண்டு, மூடு... பேனாக்கள் திடீரென எகிறின. அதே நொடி குரல் நின்றது, வலது கை தொய்ந்தது. இங்கிலீஷிலும் அப்படியே. தமிழிலும் அப்படியே. இதென்னடா விந்தை என்று அந்தத் தாளை மறுபடி மறுபடி புரட்டிப் பார்த்தேன்.

"பாஷை இல்லமா இது, வலிப்பு. மூளையில நாக்கையும் கையையும் அசைக்கிற இடத்துல வந்து வந்து போகுது" என்றார் டாக்டரம்மா.

"அப்போ திமிர்ல வாய மூடிக்கினு இருக்கலியா? அய்யோ, நான் அடிச்சேனே" என்று அந்தத் தாய் அழுதார்.

முதல் மாத்திரை கேட்கவில்லை. இரண்டாவது அரைகுறை. ஒவ்வொரு முறையும் பஸ் பிடித்து வந்து, "பேச்சு வந்துடுமாம்மா?" என்று கேட்பார். "பார்க்கலாம்" என்பார் டாக்டரம்மா. பொய்யாக நம்பிக்கை தரமாட்டார். மருந்தை மாற்றி மாற்றி ஒரு வருஷம் ஓடியபின், ஒருநாள் பேனாக்கள் பெரும்பாலும் அடங்கியே ஓடின.

"எங்கிட்ட ஏதாவது சொல்லு" என்றார் டாக்டரம்மா.

பிள்ளை தாயை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழறாமல் சொன்னாள்: "இந்த அம்மா என்ன வெளக்கமாத்தால அடிச்சிச்சி. எனக்கு வாய் வரலன்னு சொல்லக்கூட வாய் வரல."

எனக்கு அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கத் தயக்கமாக இருந்தது. அவர் கண்ணைத் துடைக்காமலே மகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பறம்? இன்னும் சொல்லு கண்ணு" என்றார் தாய். "எல்லாத்தையும் சொல்லு."