கை நடுங்க எழுதிய ஆஜர் பட்டி

வாத்தியார் வேலைக்கு முக்கியமாக வேண்டியது படிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வயிற்றில் புளியைக் கரைக்கும்போது சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். என்னோடு சாக்பீஸ் தூசி தின்ற சக உபாத்தியாயர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், நீங்கள் மட்டும் நடுங்கவில்லையா?

அப்போது ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு வீட்டுப் பின்கட்டில் எனக்கு வாடகைக் குடித்தனம். உத்தியோகம் காவேரிக்கு அந்தப் பக்கம், உறையூரில். சர்க்கார் கிராண்ட், அதாவது மானியம், வாங்கி நடந்த ஆரம்பப் பள்ளிக்கூடம் அது. நடத்தியவர் அரிசி மண்டி வைத்திருந்த ஒரு பெரிய மனிதர். எங்களுக்கு அவர் மேனேஜர். கிராண்ட் வாங்குகிற பள்ளிக்கூடத்தில் எந்த ஜாதிக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று உத்தரவு இருந்தது. உத்தரவு கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் தொங்கியது. அதை நம்பி ஒருவரும் வந்ததில்லை. மருதை வரும்வரை.

சேர்க்கை

மருதைக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. ஆதிதிராவிடர். ஒரு ஜூன் மாதக் காலையில் மகள் காத்தாயியை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசற்படிக்கு வெளியே வந்து நின்றார். அவர்கள் தெருவில் இருந்த பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு சரி. பெண் நன்றாகப் படிக்கிறாள், ஐந்தாவது எழுதிவிட்டால் அப்புறம் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவேன் என்றார். ஒரே ஒரு வருஷம்.

மாட்டேன் என்றால் கேள்வி கேட்பது சர்க்கார். சரி என்றால் மேனேஜர், ஊர், ஸ்ரீரங்கம் எல்லாம். ஆஜர் பட்டியைத் திறந்து பெயரை எழுதினேன். கை உதறி மைப்பொட்டு விழுந்தது. ஒற்றுத்தாளால் அமுக்கி அமுக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். படிக்கு வெளியே நின்றபடியே மருதை தாழ்ந்த குரலில் சொன்னார்: "பயப்படாதீங்க சாமி, எனக்கும் பயமாத்தான் இருக்கு."

இருமல்

சேர்த்தாயிற்று. ஆனால் மேனேஜர் கண்ணில் படாமல் ஒரு வருஷம் ஓட்ட வேண்டுமே! நான் ஒரு யுக்தி செய்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மேனேஜரின் குதிரை வண்டி தெருமுனையில் தெரிந்ததும் நான் இரண்டு தடவை இருமுவேன். காத்தாயி சிலேட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் வேப்ப மரத்தின் பின்னால் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வண்டி போனதும் வரலாம். மூன்று வாரம் இப்படியே நடந்தது.

ஒரு நாள் நான் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜர் சுருட்டுக் கொட்டகைத் தெருப் பெரியவர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். இருமினேன். காத்தாயி எழுந்திருக்கவில்லை. மறுபடி இருமினேன். சிலேட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். இருமி இருமிக் கண்ணில் ஜலம் வந்து நிஜமாகவே புரையேறிவிட்டது. எனக்குத் தண்ணீர் மொண்டுவர ஒரு பிள்ளை ஓடினான். மேனேஜர் உள்ளே வந்தார், அவளைப் பார்த்தார், கூட வந்தவர்கள் முகத்தைப் பார்த்தார். அவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவர்கள் போன பிறகு, "ஏம்மா, கேக்கலையா?" என்றேன். அவள் எழுந்து நின்று சொன்னாள்: "கேட்டுச்சு சார். இருமலுக்கெல்லாம் இனிமே போவ மாட்டேன். பேரைச் சொல்லி, வெளியில போன்னு சொல்லுங்க, போறேன்."

பதினொரு பேர்

அவள் பெயரைச் சொல்லி வெளியே போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் பயம்தான்.

மறுநாள் ஆஜர் கூப்பிட்டால் பதினொரு பேரைக் காணோம். எல்லாம் சுருட்டுக் கொட்டகைத் தெருக் குழந்தைகள். பெயருக்குப் பெயர் நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தேன்; பதில் இல்லை. தலை குறைந்தால் கிராண்ட் குறையும், கிராண்ட் குறைந்தால் முதலில் கழிபடுகிற தலை என்னுடையது. மத்தியானம் மேனேஜர் மண்டிக்கு வரச் சொன்னார். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். அந்த மரியாதைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஐயங்காரே, அந்தப் பேரை நீங்களே அடிச்சிடுங்க. நான் அடிச்சா சர்க்கார் கேக்கும்; நீங்க அடிச்சா யார் கேக்கப் போறாங்க?"

ஒத்திகை

பாலத்தைத் தாண்டி வீடு வருவதற்குள் சேதி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் கோவிலிலிருந்து திரும்பியவர் வழிமறித்து, "ஸ்வாமி, பள்ளிக்கூடம் விட்டு வந்தா ஸ்நானம் பண்ணிட்டுத்தானே கிணத்துக் கயித்தைத் தொடறேள்?" என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார். குடித்தனத்தைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்று புரிந்துவிட்டது.

மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நாளைக்கு அந்தப் பெயரை அடித்துவிடப் போகிறேன், நமக்கென்ன தலையெழுத்தா, ஊரைத் திருத்த நான் யார் என்று பொரிந்து தள்ளினேன். அவள் அரிசி களைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "அடிச்சுட்டு வாங்கோ, நான் வேண்டாங்கலை. ஆனா அந்தப் பொண்ணு வந்து நின்னா என்ன சொல்லுவேள்னு, இப்போ எங்கிட்ட ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கோ."

வாய்க்கால்

சொல்லிக் காட்ட முடியவில்லை. பெயரை அடிக்கவும் பயம், அடிக்காமல் இருக்கவும் பயம். மேனேஜர் ஆள் அனுப்பும்போதெல்லாம் "நாளைக்கு" என்றேன். ஒரு மாதம் நாளைக்கு நாளைக்கு என்றே ஓடியது. தினமும் காலையில் பள்ளிக்கூடக் கதவைத் திறக்குமுன் பூட்டை மாற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பேன்.

ஆடி பிறந்து உய்யக்கொண்டான் வாய்க்காலில் தண்ணீர் கரை புரண்டது. பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகளுக்கு வேறென்ன வேலை? குளிக்க இறங்கி வெள்ளத்தோடு போன ஒருவனை வண்ணான் துறைக்குக் கீழே தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். பிழைத்ததே மறு பிறப்பு. அடுத்த நாள் காலை அவன் தாயார், சுருட்டு உருட்டுகிறவள், அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து காத்தாயிக்குப் பக்கத்து மணையிலேயே உட்கார வைத்தாள். "அம்மா, உங்க தெருவில ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று இழுத்தேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "தீட்டு குளிச்சாப் போயிரும் வாத்தியாரய்யா; வாய்க்கால்ல போன புள்ள வருமா?"

மறு ஜூன்

அந்த வாரத்துக்குள் ஏழு பேர் திரும்பிவிட்டார்கள். நாலு பேர் வரவே இல்லை. தலை எண்ணிக்கை ரொம்பக் குறையாமல் கிராண்ட் தப்பியதால் மேனேஜர் மோர் கொடுப்பதையும் ஆள் அனுப்புவதையும் நிறுத்திக்கொண்டார். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். திருவானைக்காவலில் ஓர் இடம் கிடைத்தது. காத்தாயி ஏப்ரலில் பரீட்சை எழுதித் தேறினாள். நான் அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன். முடிந்தது கண்டம், இனி ஓய்வு பெறும்வரை வம்பு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று காத்தாயி வந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாளாம். கூடவே எண்ணெய் தடவித் தலை வாரிய மூன்று குழந்தைகள், அவள் தெருவைச் சேர்ந்தவை. இந்தத் தடவை யாரும் படிக்கு வெளியே நிற்கவில்லை. பட்டியைத் திறந்தேன், என் கை பழைய கைதான், நடுங்கியது. மூன்று பெயரையும் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "சார், ஆஜர்ல என் பேர் வர்றப்ப மட்டும் உங்க குரல் இறங்கிடும். நீங்க கூப்பிட்டது யாருக்கும் கேக்காட்டியும் நான் இருக்கறது கேக்கட்டும்னு, தினம் 'உள்ளேன்'னு கத்தினேன். இதுங்க சின்னதுங்க சார், கொஞ்சம் சத்தமாக் கூப்பிடுங்க."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் ஒரு நாள்கூடத் தைரியசாலி ஆகவில்லை. பட்டியில் பெயர்கள்தான் கூடிக்கொண்டே போயின.