நான் காணாத கொம்பு மான்

மான் வேட்டையைப் பற்றி நான் நான்கு வருடங்கள் ஓயாமல் பேசினேன். அந்த நான்கு வருடங்களில் ஒரு மானைக்கூட அடிக்கவில்லை. அடிப்பது இருக்கட்டும், காட்டுக்குள் ஒரு மானை நேருக்கு நேர் கண்டதும் இல்லை. நான் கண்டதெல்லாம் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் காரில் போகும்போது தெருவோரத்தில் மேய்ந்துகொண்டு நின்றவைதான். அவற்றை என் மனைவியும் கண்டாள். சாட்சி இருக்கும் மானை வைத்துக்கொண்டு பெரிய கதை ஒன்றும் சொல்ல முடியாது.

பேச்சு நடக்கும் இடம் வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு கோப்பிக் கடை. சனிக்கிழமை காலைகளில் மூன்று பேர் கூடுவோம். மூத்தவரை நாங்கள் அண்ணை என்போம். மன்னார்க்காரர். ரூஜில் வீடு. முப்பது வருடம் ட்ரக் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் மூவரில் மான் அடித்தவர் அவர் ஒருவர்தான், மானைப் பற்றி வாய் திறக்காதவரும் அவர்தான். அடுத்தவன் என் நண்பன். கனடாவுக்கு வந்த புதிதில் நானும் அவனும் ஒரே பேஸ்மென்ற்றில் இருந்தோம். இப்போது அவனுக்கு ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு, வங்கியொன்றில் கொம்பியூட்டர் வேலை. வேட்டைக்கு என்று கடையில் எது விற்றாலும் அது அவனுடைய கராஜில் இருக்கும்.

மூன்றாவது ஆள் நான். எனக்கு யூடியூப் இருந்தது. நீளத் தாடி வைத்த மனிதர்கள் மரத்தில் ஏறி இருந்து இரகசியக் குரலில் பேசும் வீடியோக்களை நான் பார்த்த அளவுக்கு என் மகள் பரீட்சைக்குப் படித்திருந்தால் டாக்டராகியிருப்பாள். ஒருமுறை தமிழ்க் கடை வாசலில், கார்கள் நிற்கும் இடத்தில், விரலை நக்கி மேலே பிடித்துப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னேன்.

"காத்து வடமேற்கால வருது. இண்டைக்கு மான் வெளிக்கிடாது."

அவள் கையில் மீன் பையுடன் நின்றாள். "மான் வெளிக்கிடாட்டிப் பரவாயில்லை. நீங்கள் வெளிக்கிடுங்கோ. மீன் பழுதாகப்போகுது."

வேட்டைக்கான வகுப்புக்குப் போய்ச் சோதனையும் பாஸ் பண்ணினேன். ஆனால் துவக்கு வாங்க அவள் விடவில்லை. "அங்க துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இங்க காசு குடுத்து அதை வாங்கி வீட்டுக்குள்ள வைக்கப்போறியளோ?" என்று கேட்டாள். ஆகவே குறுக்குவில் ஒன்று வாங்கினேன். அதை இழுத்துப் பூட்ட எனக்கு இரண்டு கால்களும் ஒரு பெருமூச்சும் தேவைப்பட்டன.

நாங்கள் போகும் காடு நகரத்திலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். மனைவியை இழந்த வயதான விவசாயி ஒருவரின் நிலம். அண்ணை கொண்டுபோகும் மட்டன் ரோல்ஸுக்காகவே அவர் எங்களை உள்ளே விடுகிறார் என்பது என் எண்ணம். அந்தக் காட்டில் மூன்று ட்ரெயில் கமராக்களை மரங்களில் கட்டி வைத்திருந்தோம். முன்னால் ஏதும் அசைந்தால் அவை தானாகப் படம் எடுக்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை யாராவது போய் மெமரி காட்டை மாற்றிக்கொண்டு வர வேண்டும். முறை போட்டுப் போவோம்.

செப்டெம்பரில் என் முறை வந்தது. ஓடைக் கரையில் இருந்த கமராவை நிறுத்தி, மெமரி காட்டைக் கழற்றிக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் பற்றைக்குள் ஏதோ சரசரத்தது. திரும்புவதற்குள் ஒரு பெரிய காட்டு வான்கோழி, வெடி போட்டது போலச் சிறகடித்து என் தலைக்கு மேலால் கிளம்பியது. நான் ஓடினேன். தொப்பி எங்கே விழுந்தது என்று அப்போது தெரியவில்லை. காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டினேன். வான்கோழிக்குக் கார்க் கதவு திறக்கத் தெரியும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. மூச்சு அடங்கியபின் மெல்லப் போய்ப் புது மெமரி காட்டைப் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கோப்பிக் கடையில் நண்பன் கேட்டான். "என்ன மச்சான், ஏதும் கண்டனியோ?"

வான்கோழி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம், கொம்பு மான்" என்று வந்தது.

"எத்தினை முனை?"

வேட்டைக்காரர் ஒரு மானை அளப்பது கொம்பிலுள்ள முனைகளை எண்ணித்தான். அண்ணை அடித்ததில் பெரியது ஆறு முனை. "எட்டு" என்றேன்.

அண்ணை கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். "கமராவில விழேல்லையோ?"

"காட் மாத்திக்கொண்டு நிண்டனான் அண்ணை. கமரா ஓஃப்."

இதில் பாதி உண்மை என்பதால் தடங்கல் இல்லாமல் வந்தது. அண்ணை "ம்" என்றார். நண்பனின் கண்கள் விரிந்தன. அந்தக் கண்களுக்காகத்தான் மனிதர் பொய் சொல்கிறார்கள் என்று அப்போது விளங்கியது.

ஒக்ரோபர் தொடக்கத்தில் நண்பனின் மகளுக்குப் பிறந்தநாள். முதல் நாள் அவன் ரெலிபோன் எடுத்தான். "மச்சான், என்ர வேலையாக்களும் வருவினம். உன்ர மான் கதையை வடிவாச் சொல்லவேணும். இங்கிலீஷிலயும் சொல்லு."

பிறந்தநாள் அன்று காலை காட் மாற்ற மறுபடி நான் போனேன். அண்ணைக்குப் போயிருக்க வேண்டிய முறையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு ஒத்திகை பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. வீட்டில் மனைவி இருந்தாள். காட்டில் ஒருவரும் இல்லை. ஓடைக் கரைக்குப் போய், புது மெமரி காட்டைப் போட்டு, கமராவை இயக்கிவிட்டு, அதற்கு முன்னாலேயே நின்று கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிப் பார்த்தேன். என் படம் ஒன்றிரண்டு விழும், எல்லோருடைய முகமும் விழுவதுதானே, அதைப் பிறகு அழிப்பார்கள் என்று நினைத்தேன். அரை மணி நேரம் சொன்னேன். கையை ஆட்டிச் சொன்னேன். தமிழில் இரண்டு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை.

அன்று பின்னேரம் ஸ்ரௌவ்வில் வீட்டில் கதை பிரமாதமாக எடுபட்டது. பெரியவர்கள் கேக் தட்டுகளை வைத்துவிட்டுக் கேட்டார்கள். நண்பனின் வேலைத்தலத்து மனிதர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எட்டு முனை பத்தாகியிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. எட்டு என்று ஏற்கனவே கேட்டிருந்த நண்பன்தான் எல்லோரிலும் பலமாகத் தலையாட்டினான். அது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. புகழில் நின்றவனுக்கு யோசனை எங்கே வரும்.

வினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. என் மானை நம்பி நண்பன் நவம்பரில் ஒரு கிழமை லீவு போட்டான். மரத்தில் ஏறி இருப்பதற்கான, ஏணியோடு கூடிய இருக்கையை, முன்பிருந்த நல்ல இடத்திலிருந்து கழற்றி, ஓடைக் கரைக்கு மாற்றினோம். நானும் கூடச் சுமந்தேன். ஏணியின் ஒரு பக்கத்தை நண்பனும் மறுபக்கத்தை நானும் பிடித்துக்கொண்டு நடந்தபோது, இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனம் இடித்தது. "கவனம், கல்லு" என்று மட்டும் சொன்னேன்.

வேட்டை தொடங்க ஒரு கிழமை இருக்கையில் அண்ணை ஞாயிறு தேவாலயப் பூசை முடிய எல்லோரையும் ரூஜில் உள்ள தன் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். மூன்று குடும்பங்களும் போனோம். சாப்பிட்டு முடிந்ததும் அண்ணை ஒரு மெமரி காட்டை எடுத்தார். "ஓடைக்கரைக் காட். இருக்கையை மாத்த முதலே எடுத்து வைச்சனான். எல்லாரும் பாப்பம்" என்று லப்ரொப்பில் போட்டு, பெரிய ரிவியில் இணைத்தார்.

முதலில் என் சப்பாத்து தெரிந்தது. பிறகு என் மூக்கு. பிறகு நான் பின்னால் நகர்ந்தேன். முழு உருவமாக நின்றேன். ரிவியில் நான் தொண்டையைச் செருமினேன். சத்தம் கேட்டது.

"அண்ணை, இது படம்தானே எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"நான்தான் செப்டெம்பரில வீடியோவுக்கு மாத்திவிட்டனான். சத்தமும் வரும். நல்லாக் கேக்குது என்ன?"

நன்றாகத்தான் கேட்டது. ஒவ்வொரு துண்டும் அரை நிமிடம். நான் கையை ஆட்டும்போதெல்லாம் கமரா அடுத்த துண்டைத் தொடங்கியிருந்தது. நான் கையை ஆட்டாமல் கதை சொல்கிறவன் இல்லை.

"அண்டைக்கு நல்ல குளிர்," என்று ரிவியில் இருந்த நான் சொன்னேன். "மூச்சு விட்டாப் புகை மாதிரி. திரும்பிப் பாக்கிறன், நிக்குது." பிறகு நிறுத்தி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "இல்லை, நிக்குது எண்டு உடன சொல்லக்கூடாது. முதல்ல ஒரு சத்தம்" என்றேன். அடுத்த துண்டில் அந்தச் சத்தத்தை வாயால் செய்து பார்த்தேன். அதற்கடுத்த துண்டில், "எட்டு முனை... எட்டு காணாது. கன ஆக்கள் வருவினம். பத்தெண்டு சொல்லுவம்" என்றேன். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்து, பத்து விரலையும் கொம்பாக்கி, கமராவை நோக்கி மெல்ல இரண்டு அடி நடந்தேன். மானாக.

என் மகள் சோபாவிலிருந்து வழுக்கி நிலத்தில் இருந்துவிட்டாள். "அப்பா, நீங்கள்தான் அந்த மான்! பிளீஸ், எனக்கு இதை அனுப்புங்கோ அங்கிள், பிளீஸ்!" அண்ணையின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்ச் சிரித்தார். என் மனைவி மட்டும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலப் பதிப்பு தொடங்கியதும், "உவர் குளிக்கேக்கையும் உப்பிடித்தான் கதைக்கிறவர். நான் ரெலிபோனாக்கும் எண்டு நினைச்சனான்" என்றாள்.

என்னுடைய பதினான்கு துண்டுகளும் முடிந்தபின் ஒரு றக்கூன் வந்தது, விவசாயியின் நாய் வந்தது, ஒரு பெண் மான் இரண்டு குட்டிகளோடு ஓடையில் தண்ணீர் குடித்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. கொம்பு மான் வரவே இல்லை.

சிரிக்காத இன்னொருவன் நண்பன். அவன் எழுந்து பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். நானும் பின்னால் போனேன். அண்ணையின் வளவு வேலியைப் பிடித்தபடி நின்றான்.

"மச்சான், அது வான்கோழி" என்றேன். "வான்கோழிக்குத்தான் பயந்து ஓடினனான். பிறகு சொல்ல வெக்கமாப் போச்சு. உன்னை லீவு போட வைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளு."

அவன் வேலிப் பலகையொன்றை ஆட்டிப் பார்த்தான். பிறகு, "லீவு கிடக்கட்டும்" என்றான். "நான் வேலையில என்ன சொன்னனான் தெரியுமோ?"

"என்ன?"

"நான் கண்டதெண்டு சொல்லிப்போட்டன். உன்ர கதையை. நீ பிறந்தநாளுக்குச் சொன்னதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னமே." வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பிறகு உன்னையும் கூப்பிட்டுச் சொல்ல வைச்சா, ரெண்டு பேரும் நிண்டதெண்டு நினைப்பினம் எண்டு பாத்தனான்."

"எத்தினை முனை எண்டு சொன்னனீ?"

"பன்னிரண்டு."

அதற்குப் பிறகு எங்களால் நிற்க முடியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அண்ணை கதவடியில் வந்து நின்று எங்களைப் பார்த்தார்.

"அண்ணை, உங்களுக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டேன்.

"காட் மாத்தின நாளில நீர் தொப்பி விட்டிட்டு வந்தனீர். நான் அடுத்த நாள் மற்றக் கமரா பாக்கப் போனனான். வான்கோழி இறகு கிடந்தது, உம்மட தொப்பி கிடந்தது. மான் காலடி ஒண்டும் இல்லை."

"பிறகேன் இருக்கையை மாத்த விட்டனீங்கள்?"

"எப்ப சொல்லுவீர் எண்டு பாத்தனான்" என்றார். "ஏணி பாரம்தானே. நடுவழியில சொல்லிப்போடுவீர் எண்டு நினைச்சன்."

இதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். "உள்ள வாருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

நவம்பரில் மூவரும் போனோம். செம்மஞ்சள் மேற்சட்டை, செம்மஞ்சள் தொப்பி, வேறு வேட்டைக்காரர் மானென்று நினைத்துச் சுடாமலிருக்க. இருக்கையை முதல் நாளே பழைய இடத்துக்குக் கொண்டுபோனோம். இந்த முறையும் ஏணியின் இரண்டு பக்கத்தையும் நானும் நண்பனும்தான் சுமந்தோம். இரண்டாம் நாள் காலை, வெளிச்சம் நன்றாக வந்தபின், ஒற்றை வெடி கேட்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது அண்ணை ஓர் இளங்கலைமானுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். அதன் கொம்பு என் சுண்டுவிரல் அளவு. நான் முதல்முறையாக ஒரு காட்டு மானைத் தொட்டேன். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. நான்கு வருடப் பேச்சில் அந்தச் சூட்டைப் பற்றி நான் ஒருநாளும் சொன்னதில்லை. தாடிக்காரர்களும் சொன்னதாக நினைவில்லை.

இழுத்துக்கொண்டு வரும் வேலை எனக்கும் நண்பனுக்கும், அண்ணை பின்னால் வந்தார். ஓடையைக் கடக்கும் இடத்தில் கல் உருண்டது. நான் மானையும் கட்டியணைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இருந்துவிட்டேன். தண்ணீர் குளிரில்லை, கத்தி. நண்பன் கரையில் நின்று, உதவி செய்வதற்கு முதல், போனைத் தேடினான்.

பின்னேரம் வெக்ஸ்போர்ட்டுக்கு வந்து சேர்ந்தேன். கராஜ் வாசலில் நின்று, நடந்ததை நடந்தபடி மனைவிக்குச் சொன்னேன். கையை ஆட்டாமல் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு போனை எடுத்து அண்ணைக்கு அடித்தாள்.

"அண்ணை, உவர் மானோட ஓடைக்குள்ள விழுந்ததெண்டு சொல்றார். உண்மையோ?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். "ஓம்... ஓம்... எவ்வளவு ஆழம்?"

போனை வைத்துவிட்டு என்னைப் படியில் இருக்கச் சொன்னாள். என் சப்பாத்தை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றிக் கவிழ்த்தாள். தண்ணீர் வாசல் சீமெந்தில் ஓடியது. ஒரு சின்ன இலையும் சேர்ந்து விழுந்தது.

"இடுப்பளவெண்டுதான் அவரும் சொல்றார்" என்றாள்.