குட்டியானைக்குக் காற்று எடுத்தது

என் பெயர் இசக்கிமுத்து. பழுப்பு நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பிரிவில் இருபத்தாறு வருடம், பெர்மனென்ட். தனத்தைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி, அவள் வண்டியை நடுரோட்டில் நான் கெடுத்ததுதான்.

தனத்துக்கு முத்தாண்டிக்குப்பம் பக்கம். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. கல்யாணம் ஆகும்வரை ஊரார் தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்கினாள். அப்புறம் எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் கான்ட்ராக்டில் தெரு பெருக்க வந்தாள். புருஷன் கண்ணையன் பழைய குட்டியானை லோடு வண்டி ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் தன் காலை ஒடித்துக்கொண்டான். வண்டியிலிருந்து விழுந்தல்ல, கட்டிலிலிருந்து விழுந்து. அவன் மாவுக்கட்டோடு படுத்திருந்த மூன்று மாதத்தில் அவள் ஓட்டிப் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டாள். கால் சேர்ந்த பிறகும் சாவியை அவள் திருப்பித் தரவே இல்லை. எப்போதாவது கேட்டால் ஒரு நடைக்குக் கொடுப்பாள், அவ்வளவுதான்.

கண்ணையன் நல்லவன். ஒரே குறை, எப்போது கேட்டாலும் "டீசல் இருக்குது" என்பான். வண்டியில் டீசல் முள் வேலை செய்யாது, அது பாட்டுக்குப் பாதியில் நிற்கும். அவன் வாயும் அதே மாதிரிதான்.

போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் ராஜேந்திரன், வடலூர் மண்டபத்துக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டும். பந்தி பன்னிரண்டு மணிக்கு. அவருடைய வழக்கமான டிரைவருக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல்தான் தனத்தைக் கூப்பிட்டார். "பொம்பள ஓட்டுனா வண்டி நடுரோட்டுல நிக்கும்" என்று இரண்டு வருடமாக அவளைத் தட்டிக்கழித்த மனுஷன் அவர். அன்று மட்டும், "நேரத்துக்குப் போய்ச் சேந்தா சீசன் முழுக்க உனக்குத்தான். நின்னா, இந்தப் பக்கமே வராத" என்றார். அது கிடைத்தால் துடைப்பத்தைத் தூக்கி எறிந்துவிடலாம். அவளுக்கு அந்த ஒரு நடைதான் எல்லாம்.

ஆர்ச் கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், பதினொரு மணிக்கு, வண்டி நின்றது. டீசல் காலி. முந்தின நாள் வண்டியை எடுத்தவன் கண்ணையன். போன் போட்டாள்.

"டீசல் இருக்குதே?" என்றான்.

"உன் வாயிலதான்யா இருக்குது" என்று வைத்துவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு ஓடினாள். அவள் திரும்பி வந்து ஐந்து லிட்டரை ஊற்றும்போது நாங்கள் கூடிவிட்டிருந்தோம். நான் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுக் கறி வாங்க வந்தவன். எங்கள் டவுன்ஷிப்பில் வண்டி ஒன்று சீட்டைத் தூக்கி வைத்து நின்றால் போதும், எல்லா டிபார்ட்மென்ட்டும் ஆஜராகிவிடும். ஆறு பேர். ஆறு பேரும் பெர்மனென்ட்.

தெர்மல் பவர் ஸ்டேஷனில் பாய்லர் பார்க்கும் சுதாகர்தான் முதலில் வாயைத் திறந்தார். "டீசல் ஊத்தியாச்சுல்ல? செல்ப் அடிம்மா."

"அடிச்சா ஆவாது சார். லைன்ல காத்து பூந்துகினு இருக்குது."

"அட, அடிச்சுப் பாரும்மா."

அவர் சொன்னாரே என்று ஒரு தடவை அடித்தாள். எங்கள் வற்புறுத்தலில் இன்னும் நாலு தடவை. எஞ்சின் இருமியதே தவிர எழவில்லை. பேட்டரி முனகத் தொடங்கியது. "ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு" என்றார் எலெக்ட்ரிகல்காரர். "டேங்கைக் கழட்டணும்" என்றார் ராட்சத எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறவர். பின்னால் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

"காத்தை எடுத்து வுட்டாத்தான் கிளம்பும்" என்று சொல்லிக்கொண்டே தனம் ஸ்பேனரைத் தேடினாள்.

இங்கேதான் நான் வருகிறேன். உதவ வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன். வண்டியில் காற்று இருப்பதாக எனக்குத் தெரிந்த ஒரே இடம் டயர். லோடு அதிகம், அழுத்தம் குறைக்கச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டேன். பின்பக்கம் போய்க் குந்தி, மூடியைத் திருகிக் கழற்றி, வால்வை அமுக்கினேன். புஸ்ஸென்று அருமையாக வந்தது.

"சார்! இன்னா பண்றீங்க?"

"காத்து எடுக்கேம்மா. நீதான சொன்ன?"

தனம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். எனக்கு மானமே போயிற்று. மற்ற ஐந்து பேரும் தங்கள் தவறெல்லாம் என் தலையில் இறங்கிவிட்ட நிம்மதியில் சிரித்தார்கள்.

அதற்கு மேல் அவள் யாரையும் கேட்கவில்லை. டீசல் பில்டர் மேலிருந்த சின்ன ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தினாள். பக்கத்தில் இருந்த கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தாள். டீசல் குழாயில் புகுந்திருந்த காற்று ஸ்க்ரூ ஓரமாக முதலில் வெறும் நுரையாக வந்தது, சோப்புத் தண்ணீர் மாதிரி. அவள் நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நுரை அடங்கி, கடைசியில் சுத்தமான டீசல் வழிந்தது. ஸ்க்ரூவை இறுக்கினாள். கண்ணையனின் வாக்கை நம்பிப் பதினோரு தடவை நின்றவள் அவள். இந்த வேலையை எந்தக் கோர்ஸிலும் படிக்கவில்லை, புருஷனிடமிருந்து படித்தாள்.

"பேட்டரி இன்னும் ஒரு தடவதான் தாங்கும். யாரும் பேசாதீங்க."

ஆறு பெர்மனென்ட்டுகளும் வாயை மூடினோம். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் தயங்கி, ஒரு குலுக்கு குலுக்கிப் பிடித்துக்கொண்டது. கரும்புகை எங்கள் முகத்தில் அடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, புகையால் மட்டுமல்ல.

"நீங்க ஏறுங்க சார்" என்றாள் என்னைப் பார்த்து. "ரசத்து மூடி நிக்கல. புடிச்சிகினு வாங்க." பின்னால் ஏறி மூடியைப் பிடித்துக்கொண்டேன். ஒருபக்கம் தாழ்ந்த வண்டியைப் பக்கத்துப் பஞ்சர் கடைவரை உருட்டிக் காற்றடித்துக்கொண்டு கிளம்பினாள். வடலூர்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் ரசம் என் பேண்ட்டை விசாரித்தது.

மண்டபத்தில் இலை போட்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு பத்து. ராஜேந்திரன் வாசலிலேயே நின்றார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது.

"நின்னுச்சா வண்டி? நான் சொல்லல? எந்த ஆம்பள வந்து ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தான்?"

தனம் முழங்கைவரை டீசலோடு இறங்கினாள்.

"ஆறு ஆம்பளைங்க வந்தாங்கண்ணா. அதான் லேட்டு."

ராஜேந்திரன் ரசம் சொட்ட இறங்கிய என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாளன்னிக்கு குள்ளஞ்சாவடில முகூர்த்தம். காலைல வந்து லோடு ஏத்திக்க" என்றார். "தனியா வா."