என் வீட்டுக்காரரைத் துரத்திய சேவல்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருக்கிறது. அங்கே நான் கோழி வளர்க்கிறேன். காலையில் கூண்டைத் திறந்துவிட்டால் அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு தொல்லையும் இருந்ததில்லை, எங்கள் சேவல் வளர்ந்து பெரிதாகும் வரை.

நல்ல சிவப்பு, வால் மட்டும் கறுப்பு. என்னை ஒன்றும் செய்யாது. என் வீட்டுக்காரரைக் கண்டால்தான் அதற்கு ஆகாது. அவர் ஆட்டோ ஓட்டுகிறார். டவுனில் யார் வம்புக்கு வந்தாலும் வாயாலேயே ஜெயித்துவிட்டு வருவார். ஆனால் லுங்கியோடு பின்பக்கம் இறங்கினார் என்றால், சேவல் ஒரு பக்கச் சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு சாய்ந்து சாய்ந்து வரும். அப்புறம் ஒரே எகிறு, இரண்டு காலையும் முன்னால் நீட்டி.

முதல் தடவை அவர் ஓடினார். அடுத்த தடவை உதைத்தார். உதைத்த பிறகு அதற்கு இன்னும் வெறி ஏறியது. கடைசியில், பின்பக்கம் இருக்கும் பாத்ரூமுக்குக் குளிக்கப் போவதற்கே பிளாஸ்டிக் நாற்காலியைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தார்.

ஒருநாள் நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பாத்ரூமுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“ஏய், உன் சேவலைப் புடிடி! சவாரி போச்சு!”

கதவுக்கு வெளியே சேவல் காவல் நின்றது. ஆசிரமத்துப் பக்கம் காத்திருந்தவர்கள் போன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு வேறு ஆட்டோவில் போய்விட்டார்களாம்.

“வர்ற ஞாயித்துக்கிழம இது குழம்புதான்” என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வானத்தில் பருந்து தெரிந்தால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். குஞ்சுகள் எல்லாம் செடிக்கு அடியில் ஓடி ஒளிந்த பிறகும் அது வெளியில் நிற்கும். “ஒரே ஒரு சான்ஸ் குடுங்க” என்று கெஞ்சிவிட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா. நான் சொல்லச் சொல்லச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“ஓடினா, தான் ஜெயிச்சுட்டேன்னு நினைக்கும். உதைச்சா, சண்டைக்குக் கூப்பிடறாங்கன்னு நினைக்கும். ரெண்டும் வேணாம். தூக்கிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடங்க. அது அடங்கற வரைக்கும் கீழ விடாதீங்க.”

“சரிங்க மேடம், நான் தூக்கறேன்.”

“உங்களத்தான் ஒண்ணும் பண்ணலியே! யார் மேல பாயுதோ அவர்தான் தூக்கணும்.”

பெட்டைகள் கம்மியாக இருந்தாலும் சேவல் முரண்டு பிடிக்கும், இன்னும் சிலதை வாங்கி விடுங்கள் என்றும் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னதும் அவர் என்னை முறைத்தார். “ஊர்ல நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவான்? சேவலத் தூக்கினு வாக்கிங்கா?” என்றார். ஆனாலும் மறுநாள் காலையில் பேன்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் சேவல்மேல் துண்டைப் போட்டுப் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். அது திமிறியது. கொஞ்ச நேரம் இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏய், இதுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதுடி.”

“பயமா இருக்கும்.”

“என்னப் பாத்தா?” அவர் குரலே மாறிவிட்டது. மெதுவாக அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு, ஸ்டாண்டுக்குப் போவதற்கு முன்னால் தினமும் ஒரு நடை. பெட்டைகள் மேய்வதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும். வேலிக்கு அந்தப் பக்கம் கிரிவலம் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று கேட்டார், “வேண்டுதலா தம்பி?”

“இல்லம்மா, நடக்கக் கூட்டினு வந்தேன்” என்றார் இவர். நான் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தேன்.

நடுவில் ஒருநாள் அது மறுபடியும் பாய்ந்தது. முழங்காலில் ரத்தமே வந்தது. அவர் ஓடவில்லை, உதைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து தூக்கினார். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. சந்தையிலிருந்து புதுப் பெட்டைகளும் வந்து சேர்ந்தன. இரை கண்ட இடத்தில் கொக்கரித்து அவற்றைக் கூப்பிடவே சேவலுக்கு நேரம் சரியாக இருந்தது. இப்போது இவர் லுங்கியோடு இறங்கினாலும், தரையில் ஏதோ கிடப்பது மாதிரிக் கொத்திக்கொண்டே ஒதுங்கிவிடுகிறது.

இந்தக் கதை ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது. போன வாரம் அங்கேயிருந்து ஒருவர் தன் முரட்டுச் சேவலைக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணே, எங்க வீட்ல யாரும் வெளிய வர முடியல. நீங்கதான் பழக்கித் தரணும்.”

என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடையைச் சுற்றி வந்தார்.

“நான் தூக்கக்கூடாது, நீதான் தூக்கணும்” என்றார். “ஓடாத, உதைக்காத. ம், குனி.”