வடிகஞ்சிக்கு இரண்டு பங்காளிகள்

பத்தாம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் மாட்டேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். யுத்த காலத்தைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது சோறு வடித்த கஞ்சி மட்டும்தான்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். ஒழுங்கையின் முடிவில் ஒருவர் இரண்டு மாடு வைத்திருந்தார். மலைநாட்டுப் பக்கமிருந்து வந்தவர். கொழும்பில் மாடு மேய்வதற்குப் புல் ஏது? அவருடைய மாடுகள் தவிட்டிலும் புண்ணாக்கிலும், எங்களைப் போன்ற வீடுகளின் கஞ்சியிலும்தான் சீவித்தன. ஒவ்வொரு வீட்டுப் பின்கதவடியிலும் ஒரு வாளி இருக்கும். சோறு வடித்த கஞ்சி, அரிசி கழுவிய தண்ணீர், மரக்கறித் தோல் எல்லாம் அதற்குள் போகும். பின்னேரம் தள்ளுவண்டியில் பீப்பாயோடு வந்து எடுத்துப் போவார். வாளி வைக்கிற வீட்டுக்குத்தான் முதலில் பால். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

எங்களுக்கு அந்தப் பால் வேண்டியிருந்தது. மகளுக்கு இரண்டு வயது. காய்ச்சலில் மெலிந்துபோனவள், பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் துப்பிவிடுவாள். பசும்பால் என்றால் குடிப்பாள். பொரளைப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர் நிறை அட்டையைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் வாட்டில் வைக்க வேண்டும் என்றார்.

அந்த நேரத்தில்தான் கணவரின் பெரியப்பா வடக்கிலிருந்து வந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகப் பத்து நாளில் பேப்பர் சரிவரும் என்று வந்தவர். எட்டாவது மாதமும் அந்தப் பத்து நாள் முடியவில்லை. வந்த முதல் நாளே நான் கஞ்சியை வாளிக்குள் ஊற்றுவதைக் கண்டார்.

"மாட்டுக்கோ ஊத்துறாய்? அங்க சனம் இதுக்கு வரிசையில நிக்குது பிள்ளை."

அவர் சொன்னது உண்மை. அன்றிலிருந்து காலையில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு ஒரு பெரிய கோப்பைக் கஞ்சி அவருக்கு. மிச்சம் மாட்டுக்கு. மற்ற வீடுகளிலும் இதே கதைதான். வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். அவர்கள் கஞ்சியின் அருமை தெரிந்தவர்கள். லொறிகள் ஒழுங்காக வராததால் புண்ணாக்குக்கும் தட்டுப்பாடு. சோதனைச் சாவடியில் சிப்பாய் தினமும் பீப்பாய்க்குள் தடியை விட்டுக் கலக்கிப் பார்ப்பான். ஒரு சோற்றுப் பருக்கைகூட அகப்பட்டிருக்காது.

மகளின் அரைப் போத்தல் பால் கால் போத்தலானது. அந்தக் கால் போத்தலும் நீலம் பாரித்திருந்தது. மாமா தேத்தண்ணீரை வாயில் வைத்துவிட்டு, "பால் தண்ணியாக்கிடக்கு. அவன் மாட்டுக்கு ஒழுங்காத் தீன் போடுறானில்லைப் போல" என்றார். அவர் கைக்குப் பக்கத்தில் இருந்த கஞ்சிக் கோப்பையில்தான் மாட்டின் தீன் இருந்தது.

கஞ்சியை விடுங்கள் என்று பெரியவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணவரிடம் சொன்னேன். அவருக்கும் வரவில்லை. ஆகவே கள்ள வேலை செய்தேன். அரிசியில் ஒரு பிடி கூடப் போட்டு, நேரம் கடத்தி வடித்தேன். மேலே தெளிந்ததை உப்புக் கூட்டி மாமாவுக்கு. அடியில் தடித்ததை, குழைந்த சோறும் சேர, வாளிக்கு. வீட்டில் எல்லாரும் களி மாதிரிச் சோறு தின்றார்கள். மாடு நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காகச் சோற்றைக் கெடுத்த வீடு கொழும்பில் எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும். மாமா கடைக்காரனில் குறை கண்டார். கூட்டுறவுச் சங்கக் கடை அரிசி இப்போது சரியில்லையாம், கஞ்சியே விழுவதில்லையாம்.

ஒரு கிழமை கழிந்தது. மாட்டுக்காரர் வந்த நேரம் பார்த்து, பால் தண்ணீராக இருந்ததைக் கேட்கவென்று மாமா பின்கதவடிக்குப் போனார். நான் தடுப்பதற்குள் போய்விட்டார். அவர் குறை சொல்லி முடிக்கும்வரை மாட்டுக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு வாளியைச் சரித்துக் காட்டினார்.

"அது போன வாரம்ங்க ஐயா. இந்த வாரம் நம்ம அம்மா கஞ்சி கெட்டியா வைக்கிறாங்க, மாடு வாளியவே நக்குது. இப்படியே குடுத்தா பாப்பாவுக்கு முக்காப் போத்தல் தாரேன்."

மாமா வாளிக்குள் குனிந்து பார்த்தார். அடியில் சோறு வெள்ளையாகக் கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"எனக்கு மேல்தண்ணி, மாட்டுக்கு அடித்தடிப்பு. அப்பிடித்தானே?"

"ஓம் மாமா" என்றேன். பொய் சொல்லவும் எனக்குச் சாமர்த்தியம் இல்லை.

மாட்டுக்காரர் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"பிள்ளை இப்ப என்ன நிறை?" என்று மாமா கேட்டார். சொன்னேன். "அதை முதலே சொல்லியிருக்கலாமே. மாட்டோட போட்டி போடுற அளவுக்கு நான் வரேல்ல" என்றார். சிரித்தாரா என்று பார்க்க நான் தலை நிமிரவில்லை.

அடுத்த நாள் பால் முக்கால் போத்தல் வந்தது. மகள் குடித்தாள். மாமா காலையில் கடைப் பாணும் சம்பலும் சாப்பிட்டார்.